உடன் வேலை செய்யும் சீனத் தோழி இந்தியர்களான நம்மவர்களை 'அப்புநேநே' என்று இழிவாகச் சொல்கிறார். நட்பு கெடாமல் இதை எப்படிப் பேசுவது?

சிங்கப்பூரில் இருக்கிறீர்கள், தோழி நல்லவர்தான், ஆனாலும் அந்தச் சொல் காதில் விழுந்தால் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. உங்கள் நிலைமை இதுதானே? நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பேசுங்கள், ஆனால் தனியாக இருக்கும்போது பேசுங்கள். நாலு பேர் முன்னால் சொன்னால் அவர் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், நீங்கள் சொல்வது காதில் ஏறாது.

என் அலுவலகத்தில் ஒரு சீன ஆண்ட்டி. ஒருநாள் மதியம் பேரன் கஞ்சி குடிக்கும் வீடியோவைக் காட்டினார். பையன் வாயைத் திறக்கவே இல்லை, பாட்டி 'அப்புநேநே வந்து பிடிச்சிட்டுப் போயிடுவான்' என்றதும் மடமடவென்று விழுங்குகிறான். மேசையில் எல்லாருக்கும் சிரிப்பு. நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. (பயமா என்று கேட்பீர்கள். பயமில்லை, தினமும் பக்கத்தில் உட்கார வேண்டியவள் நான்.)

சாயங்காலம் கீழே கோப்பிக்கடையில் கேட்டேன்: "ஆண்ட்டி, நான் உங்க வீட்டுக்கு வந்தா பேரன் ஓடி ஒளிஞ்சுக்குவானா?" அவர் சட்டென்று, "சேச்சே, நீ அப்படி இல்லைலா, நீ எங்க ஆள் மாதிரி" என்றார். வீடியோவைவிட இந்தப் பாராட்டுதான் எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். மின்தூக்கிக்குள் சின்னப் பிள்ளை நின்றால் அப்பா ஏற மாட்டார். போன் பார்க்கிற மாதிரி நின்று அடுத்ததில் வருவார். எத்தனையோ பிள்ளைகள் அவரைப் பார்த்து அம்மா காலைக் கட்டிக்கொண்டதுதான் காரணம். ஆண்ட்டி கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. இப்போது பேரனைப் போலீஸ்காரர் வந்து பிடிக்கிறாராம். போலீஸ்காரர்கள் பாவம்தான், ஆனால் எனக்கு அது போதும்.

'இனவாதி' என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த ஒரு சொல் வந்தால் மீதிப் பேச்சு முழுக்க அவர் நல்லவரா கெட்டவரா என்பதிலேயே போய்விடும்.

இதைப் படித்துவிட்டு 'நம்மாட்கள் யோக்கியமா' என்று சிலர் வருவீர்கள். இல்லைதான். என் பெரியப்பா சீனர்களைச் சொல்லும் சொல்லை இங்கே எழுத முடியாது. அவரிடமும் சொல்லிப் பார்த்தாயிற்று, தீபாவளிக்கு தீபாவளி அதே சண்டை. அதற்காக நான் அலுவலகத்தில் வாயைத் திறக்கக் கூடாதா?

பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்களே என்பீர்கள். இங்கே நடந்த 1964 இனக் கலவரத்தின் நினைவாக வருடாவருடம் ஜூலை 21 இன நல்லிணக்க நாள். பிள்ளைக்கு ஜிப்பா மாட்டி அனுப்பு என்று தகவல் வரும், போன வருட ஜிப்பா சின்னதாகியிருக்கும், கடைசி நேரத்தில் ஓடினால் கடைக்காரர் சொல்கிற விலைக்கு ஒரு வாரச் சாமானே வாங்கிவிடலாம். அன்றைக்கு எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் அதே பிள்ளைக்கு பேருந்தில் 'கறுப்பா' என்று பட்டப்பெயர். வாடகை வீட்டு விளம்பரத்தில் 'இந்தியர் வேண்டாம்' என்று போட்டவர்களைப் பற்றி ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. வேலையிடப் பாகுபாட்டுக்கு எதிராக 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது, நல்லது, ஆனால் அது வேலைக்குத்தானே, வீட்டுக்காரருக்கு இல்லையே.

சரி, உங்கள் தோழிக்கு வருவோம். அவரும் "நீ அப்படி இல்லை" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த இடத்தில் சிரித்து மழுப்பிவிடாமல், உங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டவர் யாரோ, அவர் கதையைச் சொல்லுங்கள்.