லாவா தெரியாவிட்டால் எரிமலைக்குப் போய் என்ன பயன்?

கேள்வி: ஹவாயின் பெரிய தீவுக்குக் குடும்பத்தோடு போகிறோம். எரிமலைத் தேசியப் பூங்காவுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். போகிற நாளில் லாவா பொங்கவில்லை என்றால் பணம் வீண்தானே? கூட வரும் மாமியாருக்கு ஆஸ்துமா வேறு. – ஒரு வாசகி

பதில்: அந்தப் பூங்காவின் கிலாவேயா எரிமலை நம் விமான டிக்கெட்டைப் பார்த்துப் பொங்குவதில்லை, அம்மா. 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கிய வெடிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரம் ஆளுயரம் என்ன, மலையுயரத்துக்குப் பீய்ச்சும். அப்புறம் பல நாள் ஒன்றுமே நடக்காதது போலக் கிடக்கும். கிளம்புமுன் ஹவாய் எரிமலை ஆய்வகத்தின் அறிக்கையைப் படித்துவிடுங்கள். பொங்குகிறது என்றால் விடியுமுன் போங்கள். பூங்கா இரவும் பகலும் திறந்திருக்கும், இருட்டில்தான் அந்தச் சிவப்பு எடுப்பாகத் தெரியும்.

பொங்கவில்லையா? என்னைக் கேட்டால் அப்போதும் வீண் இல்லை. கிலாவேயா இக்கி என்ற பள்ளத்தில் இறங்கி நடங்கள். 1959இல் இங்கே லாவா 580 மீட்டர் உயரத்துக்கு எழும்பி, பள்ளத்தை ஒரு குளமாகவே நிரப்பியது. மேலே ஓடு கட்டினாலும் உள்ளே முழுதும் இறுகப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்று அந்தக் குளத்தின் மேல்தான் பாதை போகிறது. பெரணி மரக் காட்டுக்குள் சுமார் 120 மீட்டர் இறங்கினால் சட்டென்று கறுப்புத் தரை. மழைநீர் உள்சூட்டில் பட்டு, தரை விரிசல்களில் ஆவி வரும். லாவாவைத் தூரத்தில் நின்று படம் பிடிப்பதைவிட இது எனக்கு ஒரு படி மேல். ஏறி வரும்போது மூச்சு வாங்கும், அவசரப்படாதீர்கள்.

மாமியாரை இதில் இறக்க வேண்டாம். கந்தகப் புகை வரும் இடங்களுக்கும் அழைத்துப் போகாதீர்கள்; கந்தக டை ஆக்சைடு ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. இன்ஹேலர் பெட்டியில் அல்ல, கையில் இருக்கட்டும். அன்று காற்று புகையை உங்கள் பக்கம் தள்ளினால் திட்டத்தை மாற்றுங்கள், வீம்பு பிடிக்காதீர்கள். அவருக்கு ஏற்றது 'செயின் ஆஃப் கிரேட்டர்ஸ்' சாலை. மலையிலிருந்து கடல் வரை சுமார் 30 கிலோமீட்டர், உட்கார்ந்தபடியே பார்க்கலாம். பழைய லாவா வழிந்து சாலையை மூடிய இடத்தில் அது நின்றுவிடும். வழியில் பெட்ரோல், சாப்பாடு, குடிநீர் எதுவும் கிடையாது. நேனே வாத்துகள் குறுக்கே வரும், மெதுவாக ஓட்டுங்கள்.

காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். ரொக்கம் வாங்க மாட்டார்கள், அட்டை வேண்டும். ஹவாய்தானே என்று பருத்திச் சட்டையோடு போகாதீர்கள். உச்சி 1,200 மீட்டருக்கு மேல். மழையும் குளிரும் உண்டு.

கேள்வி: நினைவுக்கு ஒரு சின்னக் கல் எடுத்து வரலாமா? – அதே வாசகியின் மகன்

பதில்: கூடாது தம்பி, சட்டப்படி குற்றம். எடுத்துப் போன கல்லை, பீலே என்ற ஹவாய் எரிமலைத் தெய்வத்தின் சாபத்துக்குப் பயந்து தபாலில் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஆகும் தபால் செலவை நினைத்தாவது விட்டுவிடு. தரையில் பொன்னிற இழைகள் கிடந்தால் அவை பீலேயின் முடி; காற்றில் இழுபட்டு இறுகிய எரிமலைக் கண்ணாடி. தொட்டால் விரலில் ஏறும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். படம் மட்டும் எடுத்துக்கொள்.