லிஸ்பனில் ஒரே நாள்: என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம்?

அப்பா அம்மாவோடு வருகிறீர்கள், கையில் ஒரு நாள்தான் இருக்கிறது, ஏழு குன்றுகள் என்று படித்ததும் பயம் வந்துவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் என் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு சுற்றிய ஊர் அது, தாராளமாக முடியும். ஏறுவதை டிராமிடம் விட்டுவிடுங்கள், நடப்பதெல்லாம் இறக்கமாக இருக்கட்டும். இறங்குவதும் முழங்காலுக்கு வேலைதான், அதனால் இடையிடையே உட்கார இடம் உள்ள வழியாகவே சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்கு முன்பே மார்ட்டிம் மோனிஸ் சதுக்கத்துக்குப் போய் 28-ம் எண் டிராமைப் பிடியுங்கள். அந்த நேரத்தில் உட்கார இடம் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் போனால் நீண்ட வரிசை, உள்ளே நெரிசல், அந்த நெரிசலை நம்பிப் பிழைக்கும் பிக்பாக்கெட்காரர்கள் வேறு. கிராசாவில் இறங்கி, சென்யோரா டு மோன்ட்டி என்ற மேட்டுக்குக் கொஞ்ச தூரம் ஏற வேண்டும். அன்றைக்கு நீங்கள் ஏறும் ஒரே ஏற்றம் அதுதான். கோட்டை, ஆறு, தூரத்தில் சிவப்புத் தொங்குபாலம் எல்லாம் அங்கிருந்து தெரியும். இந்தக் காட்சி கிடைத்துவிட்டால் கோட்டைக்குள் போகாமல் விட்டாலும் நஷ்டமில்லை என்பது என் கருத்து. உள்ளே இருப்பது பெரும்பாலும் மதில்களும் அதே காட்சியும்தான்.

அப்புறம் எல்லாம் இறக்கம். செவ்வாய் அல்லது சனிக்கிழமை என்றால் சாவ் விசெந்தே தேவாலயத்துக்குப் பின்னால் பழைய பொருள் சந்தை கூடும், பத்து நிமிடம் மேயலாம். பிறகு போர்ட்டாஸ் டு சோல், அதை ஒட்டியே சாண்டா லூசியா. இரண்டும் உட்கார்ந்து பார்க்கக்கூடிய இடங்கள். சாண்டா லூசியா தேவாலயத்தின் வெளிச்சுவரில் நீல ஓட்டுச் சித்திரம் ஒன்று இருக்கிறது, தவறவிடாதீர்கள். நிலநடுக்கத்துக்கு முந்தைய ஆற்றங்கரைச் சதுக்கத்தை அதில் வரைந்திருக்கிறார்கள். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள். ஊரே தேவாலயங்களில் இருந்த காலை நேரத்தில் பூமி குலுங்கியது, ஆற்று வழியே கடல் ஏறி வந்தது, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் நாள்கணக்கில் தீயை வளர்த்தன. கீழே இருந்த பாய்ஷா பகுதி அழிந்துபோனது. பாறை மேல் இருந்த அல்ஃபாமா பெருமளவு தப்பியது. அதனால்தான் அல்ஃபாமாவில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய சந்துகள், பாய்ஷாவிலோ அளவுகோல் வைத்துக் கோடு போட்ட தெருக்கள். பின்னதைத் திட்டமிட்டுக் கட்ட வைத்தவர் அமைச்சர் பொம்பால்.

அல்ஃபாமா படிகளில் நிதானமாக இறங்குங்கள். வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பதித்த தரை தேய்ந்து தேய்ந்து வழவழவென்று இருக்கும், மழை பெய்தால் ஆளைச் சறுக்கிவிடும். அம்மாவுக்கு ரப்பர் அடி போட்ட ஷூ கட்டாயம்.

மதியச் சாப்பாட்டுக்கு, படம் போட்ட மெனுவைக் காட்டி வாசலில் ஆள் கூப்பிடும் கடைகளைத் தாண்டிப் போங்கள். அன்றைய உணவை ஒரு காகிதத்தில் கையால் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கும் சின்னக் கடைதான் சரி. அங்கே பக்காலியாவ் ஆ பிராஸ் கேளுங்கள். பக்காலியாவ் என்பது உப்பிட்டுக் காயவைத்த காட் மீன், நம்ம ஊர் கருவாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். ஊறவைத்து உதிர்த்து, மெல்லிய உருளைக்கிழங்கு வறுவலும் முட்டையும் சேர்த்துக் கிளறித் தருவார்கள். கோடையில் போனால் சுட்ட மத்தி. உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் வந்து நிற்கும். அது இலவசமல்ல. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சைவம் என்றால் கொஞ்சம் சிரமம். கீரை போட்ட கால்டோ வெர்டே சூப்பில்கூட பன்றி சாசேஜ் துண்டு மிதக்கும். மார்ட்டிம் மோனிஸ் பக்கம் இந்திய, நேபாள, வங்காளதேசக் கடைகள் உண்டு, சமாளிக்கலாம். பேக்கரிகளில் 'ஷமூசா' என்று சமோசாவைப் பார்த்ததும் பாய்ந்துவிடாதீர்கள், உள்ளே பெரும்பாலும் இறைச்சிதான்.

சாப்பிட்டதும் பாய்ஷா வழியாக, சமதரையில், சாவ் டொமிங்கோஸ் தேவாலயம். 1959-ல் தீப்பிடித்தது. கூரையை மாற்றினார்கள், கருகி வெடித்த தூண்களை அப்படியே விட்டுவிட்டார்கள். இந்த நகரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், மாலையில் பார்க்கப்போகும் ஜெரோனிமோஸ் மடத்தைவிடவும். வாசல் சதுக்கத்தில் 1506-ல் கொல்லப்பட்ட யூதர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. எதிரிலேயே 1840 முதல் நடக்கும் ஜிஞ்ஜின்யா கடை. புளிப்புச் செர்ரி மது, நின்றபடியே ஒரு சின்னக் கிளாஸ். பழத்தோடா, பழமில்லாமலா என்று கேட்பார்கள். பழத்தோடு.

மாலையில் 15-ம் எண் டிராமில் பெலெம். ஆற்றோரம் முழுக்கச் சமதரை, அப்பா சந்தோஷப்படுவார். 1837 முதல் முட்டைக் கஸ்டர்டு டார்ட் சுடும் கடையில், வாசலில் பயமுறுத்தும் வரிசை பெரும்பாலும் பார்சலுக்கானது. நேரே உள்ளே போய் மேசையில் உட்காருங்கள், மேலே பட்டைத்தூள் தூவிச் சூடாகச் சாப்பிடுங்கள். பக்கத்தில் ஜெரோனிமோஸ் மடம். மிளகு உள்ளிட்ட கீழை வணிகத்தின் மேல் போட்ட வரியில் எழுந்தது, கொச்சியில் 1524-ல் இறந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை உள்ளே இருக்கிறது. ஒரு நாள் பயணத்தில் வெளியே தெற்கு வாசல் சிற்பங்களைப் பார்த்தாலே போதும் என்பேன். இன்னொன்று, 1554-ல் ரோமன் எழுத்தில் தமிழ் அச்சான கிறிஸ்தவ மறைக்கல்வி நூல் வெளிவந்ததும் இந்த லிஸ்பனில்தான். அப்பா புத்தகப்பிரியர் என்றால் சொல்லிப் பாருங்கள்.

பழைய பயண வீடியோக்களைப் பார்த்து குளோரியா மலைவண்டியைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள், 2025 செப்டம்பரில் நடந்த விபத்தில் 16 பேர் இறந்தார்கள். கோட்டைக்குப் போயே தீர வேண்டுமென்றால் பாய்ஷாவின் ஃபங்கெய்ரோஸ் தெருவில் ஓர் இலவச லிஃப்ட் இருக்கிறது, பாதி மேட்டை அது விழுங்கிவிடும். பக்கத்து ஊரான சிந்த்ராவையும் இதே நாளில் சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.