கடைசில எல்லாருமே இரட்சிக்கப்படுவாங்கன்னு சொல்ற கிறிஸ்தவங்க நியாயத்தீர்ப்பே இல்லைன்னு சொல்றாங்களா?

இல்லைங்க, பெரும்பாலும் அப்படி சொல்றதில்ல. தீர்ப்பு உண்டு, தண்டனையும் உண்டு, ஆனா அது ஆளைத் திருத்துறதுக்கு, அதனால ஒருநாள் முடியும், இதான் அவங்க வாதம். 3ஆம் நூற்றாண்டுல ஓரிகன்ங்கிற கிறிஸ்தவ அறிஞர் இந்த மாதிரி எழுதினாரு, 4ஆம் நூற்றாண்டுல நீசாவின் கிரகோரிங்கிற ஆயரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னாரு. 543ல பேரரசர் ஜஸ்டினியன் ஓரிகன் போதனைய கண்டிச்சாரு, ஆனா கிரகோரிய சபை இன்னிக்கும் புனிதரா மதிக்குது, இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல.

வசனம்னு பாத்தா, எல்லாரும் இரட்சிக்கப்படுவாங்கன்னு சொல்றவங்க 1 கொரிந்தியர் 15:22 காட்டுவாங்க, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவாங்கன்னு. எதிர்தரப்பு மத்தேயு 25:46 காட்டும், அங்க நித்திய ஜீவனும் நித்திய ஆக்கினையும் (தண்டனையும்) பக்கத்துல பக்கத்துல வருது, ஒண்ணு முடியும்னா இன்னொண்ணும் முடியணுமேன்னு பழைய சபை அறிஞர் அகஸ்தீன் கேட்டது எனக்கு இன்னும் கனமான கேள்வியாதான் தெரியுது. துன்மார்க்கர் இல்லாமலே போயிடுவாங்கன்னு மூணாவது கட்சியும் இருக்கு.