வாகனப் புகையால் மறதி வருமா?

கேள்வி: வயது 54. ஆமர் வீதியில் ஹார்ட்வெயார் கடை நடத்துகிறேன். நாள் முழுவதும் பஸ், லொறிப் புகைதான். அண்மைக்காலமாக வாடிக்கையாளர்களின் பெயர் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. அம்மாவுக்கு முதுமையில் மறதிநோய் இருந்தது. புகைதான் காரணமா? வல்லாரை மாத்திரை எடுக்கலாமா? தலைச்சுற்று வந்ததால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டேன். குறட்டையும் அதிகம் என்கிறார் மனைவி.
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: புகையைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். எனக்கோ போகிற போக்கில் கடைசியாகச் சொன்ன இரண்டும்தான் கவலை தருகின்றன.

நடுத்தர வயதில் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் மூளையின் ஆழத்துக்குச் செல்லும் மெல்லிய இரத்தக் குழாய்களைத் தடிக்கச் செய்து ஓட்டத்தைக் குறைக்கும். வலி இருக்காது, பல ஆண்டுகள் தெரியவும் தெரியாது. மாத்திரையால் தலைச்சுற்று வந்தால் அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாறலாம். பழைய அளவை நீங்களாகத் தொடங்காமல் இந்த வாரமே வைத்தியரைப் பாருங்கள்.

குறட்டையின் நடுவே மூச்சு நின்று, பிறகு திணறி எழுகிறீர்களா? மனைவியிடம் கேளுங்கள், இந்த விடயத்தில் உங்கள் சாட்சியம் செல்லாது. அப்படியானால் இரவெல்லாம் ஒட்சிசன் குறைந்து ஆழ்ந்த உறக்கம் கலைகிறது. பகலில் கேட்டதையும் பார்த்ததையும் மூளை பதித்து வைப்பதற்கு அந்த உறக்கம் தேவை. இதற்குச் சிகிச்சை உண்டு.

புகை குற்றமற்றது என்று சொல்லமாட்டேன். நுண்துகள்கள் நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து குழாய்களில் அழற்சியை உண்டாக்குகின்றன. மறதிநோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழு 2020இல் காற்று மாசையும் காரணிகளில் சேர்த்தது. 2024 அறிக்கையில் அவை 14. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், செவித்திறன் குறைவு எல்லாம் அதில் அடக்கம். அனைத்தையும் சரிசெய்தால் ஏறத்தாழ 45 வீதமான மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்களின் கணிப்பு. ஆகவே அம்மாவுக்கு இருந்தது உங்களுக்கு வந்தே தீரும் என்றில்லை. காசு மேசையை வீதியோரத்திலிருந்து உள்ளே நகர்த்துங்கள். துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது. என்95 வகை உதவும். நடைப்பயிற்சிக்கு மாலை நெரிசலில் கொழும்பின் காலி வீதி வேண்டாம், அதிகாலையில் காலிமுகத்திடலுக்குப் போங்கள்.

வல்லாரைச் சம்பலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், உப்பை மட்டும் குறைத்து. வல்லாரை மாத்திரைக்குச் செலவிடும் பணத்தில் பிரஷர் பார்க்கும் கருவி வாங்கலாம்.

மறந்த பெயர் சற்று நேரத்தில் தானாக வந்துவிடுகிறதென்றால் பெரும்பாலும் பயமில்லை. கடைக் கணக்கு அடிக்கடி பிழைத்தாலோ, பழகிய வழி தடுமாறினாலோ நரம்பியல் நிபுணரைப் பார்க்க வேண்டும். இரத்தத்தில் சீனி, கொலஸ்ட்ரோல், தைரொயிட், பி12 ஆகியவற்றை இப்போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள். வைத்தியரிடம் போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள்.