சொந்த நிலத்து மணலுக்கும் பெர்மிட் வேண்டுமா? – வாசகர் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. பெயர்ப்பலகை மாறியதே தவிர, தோட்டத்துச் சனம் இன்றும் பழைய பெயரைத்தான் சொல்கிறது. ஈயம் எடுத்துவிட்டுப் போன குளங்களைச் சுற்றி இப்போது மணல் லாரிகள் ஓடுகின்றன. இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

எங்களுக்கு ஐந்து ஏக்கர் செம்பனை நிலம், கிராண்ட் (நிலப் பட்டா) அப்பா பெயரில். கீழே நல்ல மணல் இருக்கிறது. "சொந்த நிலத்துக்கு எதற்கு பெர்மிட்?" என்கிறார் குத்தகைக்காரர்.

அவரை நம்பி ஒரு லாரி மணலைக்கூட வெளியே விடாதீர்கள். தேசிய நிலச் சட்டத்தில் மணல், சரளை, களிமண் எல்லாம் 'பாறைப் பொருள்' என்ற ஒரே கணக்கு. கிராண்ட் உங்களுடையதாக இருந்தாலும், இவற்றை நிலத்தின் எல்லைக்கு வெளியே கொண்டுபோகும் உரிமை அதோடு சேர்ந்து வருவதில்லை. நில அலுவலகத்தில் பாரம் (படிவம்) 4C பெர்மிட் எடுத்து, மாநிலத்துக்கு ராயல்டி கட்ட வேண்டும். விவசாய நிலம் என்பதால் நிலப் பயன்பாட்டு நிபந்தனையும் குறுக்கே வரும். நகராண்மையில் திட்ட அனுமதியையும் கேட்டுப் பாருங்கள். பிடிபட்டால் 426-ஆம் பிரிவு: 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குத்தகைக்காரர் எக்ஸ்கவேட்டரை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். கிராண்டில் இருப்பது அப்பா பெயர்.

எடை மேடையில் கிராணி வேலை பார்க்கிறேன். சாயங்காலத்தில் சில லாரிகளைப் பாஸ் (மணல் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு) இல்லாமல் விடச் சொல்கிறார் சூப்பர்வைசர். எனக்கு ஏதும் ஆகுமா?

ஆகலாம் அம்மா. அதே 426-ஆம் பிரிவு மணல் அள்ளுபவரோடு நிற்பதில்லை. ஏற்றிச் செல்பவரையும், போக விடுபவரையும் சேர்த்தே பிடிக்கும். லாரி எண், நேரம், எடை, பாஸ் எண் நான்கையும் உங்கள் கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாஸ் இல்லாத லாரிக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும், நீங்களாக எதையும் நிரப்பாதீர்கள். சூப்பர்வைசரின் உத்தரவை வாட்சாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பாதிப் பேர் அதோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

மணல் கழுவிய நீரைத் தெளிய விட எங்களிடம் மூன்று வண்டல் குளங்கள் இருந்தும் கடைசிக் குழாயில் டீத்தண்ணீர் நிறத்தில்தான் வருகிறது. ஆழப்படுத்தினால் சரியாகுமா?

ஆழத்தைவிட நேரம்தான் முக்கியம். 0.1 மில்லிமீட்டர் மணல், அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். 0.002 மில்லிமீட்டர் களித்துகள் அதே ஒரு மீட்டர் இறங்க மூன்று நாள் ஆகும். உங்கள் குளத்தில் தண்ணீர் மூன்று மணி நேரம்கூடத் தங்காவிட்டால், இன்னும் பத்தடி தோண்டினாலும் அதே டீதான்.

தண்ணீர் நுழைகிற வாயும் வெளியேறுகிற வாயும் எதிரெதிர் மூலையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நான் பார்த்த பல இடங்களில் இரண்டும் ஒரே கரையில், பத்தடி இடைவெளியில் இருந்தன. நடுவே தடுப்பு வைத்துத் தண்ணீரை வளைத்து ஓட விடுங்கள். முதல் குளத்தை மழைக்காலத்துக்கு முன்பே தூர்வாருங்கள், பாதி நிரம்பிவிட்டால் அது வெறும் வாய்க்கால். கழுவிய நீரை வெளியே விடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிந்தால் அதைவிட நல்லது இல்லை.

தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகள் 2009-இன்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் 'ஏ' தரம்: மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 50 மில்லிகிராம். கீழ்ப்புறம் 'பி' தரம், 100. சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரித்துத்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரும்பகுதி குடிக்கிறது என்பதால், அந்தக் கரையில் அதிகாரிகள் விட்டுக்கொடுப்பார்கள் என்று எண்ண வேண்டாம். சுற்றுச்சூழல் இலாகாவோடு, மாநிலத்தின் நீர்வளத்தைப் பார்த்துக்கொள்ளும் லுவாஸும் வரும்.

என் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'குளம் நல்ல நிலை' என்று மேசையில் உட்கார்ந்தபடியே பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்று இரவு மழையில் வரப்பு உடைந்து, சேறு முழுவதும் கீழே இருந்த கீரைத் தோட்டத்துக்குப் போனது. மறுநாள் அந்தத் தோட்டத்து அம்மா என்னைத் திட்டவில்லை. சேற்றிலிருந்து ஒரு கட்டுக் கீரையைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு வரப்பில் நடக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

எங்கள் இடம் 18 ஹெக்டர்தான். இஐஏ (சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை) தேவையில்லை, அப்படித்தானே?

2015-ஆம் ஆண்டு ஆணையில் மணல் எடுப்புக்கு வரம்பு 20 ஹெக்டர். அந்த அறிக்கை மட்டும்தான் வேண்டாம். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 18-க்கும் உண்டு, 8-க்கும் உண்டு. பக்கத்து நிலத்தை மச்சான் பெயரில் எடுத்து இரண்டையும் ஒன்றாகத் தோண்டும் யோசனை இருந்தால், அந்த யுக்தியை அதிகாரிகள் பார்க்காதவர்கள் அல்ல.

பழைய எஞ்சின் ஆயில் நான்கு டிரம் கிடக்கிறது. பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கலாமா?

கூடாது. அது எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் வரும் அட்டவணைக் கழிவு, அதாவது சட்டப் பட்டியலில் உள்ள அபாயக் கழிவு. ஹைட்ராலிக் ஆயில் 306, பழைய பேட்டரி 102. லேபிள் ஒட்டி, கூரையும் தடுப்புச் சுவரும் உள்ள இடத்தில் வையுங்கள். 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ சேர விடாமல், உரிமம் பெற்றவரிடம் மட்டும் கொடுங்கள். டிரம் தேதியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள், 180 ஏற்கெனவே தாண்டியிருக்கலாம்.

சல்லடை மெஷின் பக்கத்தில் ஆறு வருடமாக வேலை. ராத்திரி காதில் வண்டு கத்துகிற மாதிரி இருக்கிறது. முதலாளியிடம் சொன்னால் "வயசாச்சு" என்கிறார்.

தம்பி, வயது 34 என்று எழுதியிருக்கிறீர்கள். 2019-ஆம் ஆண்டு இரைச்சல் விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு வரம்பு 85 டெசிபல். அதைத் தாண்டினால் முதலாளி வருடா வருடம் காது சோதனை செய்ய வேண்டும். உங்கள் பழைய சோதனை முடிவுகளின் நகலைக் கேளுங்கள். சோதனையே நடக்கவில்லை என்றால் டோஷுக்கு (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா) புகார் எழுதலாம். 2024 ஜூன் 1 முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருந்தாக வேண்டும். உங்கள் இடத்தில் அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், பெர்கெசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பிடித்தம் சம்பளச் சீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இந்த வாரமே காது டாக்டரிடம் போங்கள். டாக்டரிடம் வேலை விவரத்தையும் சொல்லி எழுதி வாங்குங்கள், பின்னால் இழப்பீடு கேட்க அந்தச் சீட்டு வேண்டும்.