டிராக்கில் காரை இறக்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்ப்பது பற்றி இந்த மாதம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஏறக்குறைய எல்லாரும் கேட்பது, கையில் இருக்கும் கொஞ்சம் பணத்தை எதில் போடுவது என்றுதான். பொதுவாகப் பயன்படும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என்னிடம் 2012 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்ட ஆசை. 30,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) இவற்றில் எதில் தொடங்கலாம்?
– அம்பத்தூர் வாசகர்

மூன்றிலும் வேண்டாம். பிரேக்கில் தொடங்குங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், வேகம் இரண்டு மடங்கானால் காரை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிவிடும். ஊருக்குள் 60-லிருந்து நிறுத்தும் அதே டிஸ்க்கும் அதை இறுக்கிப் பிடிக்கும் அதே பேடும்தான் டிராக்கில் 120-லிருந்து நிறுத்த வேண்டும், அதுவும் ஒரு தடவை இல்லை, அந்த 3.7 கிலோமீட்டர் சுற்றில் பன்னிரண்டு வளைவுகள் இருக்கின்றன, அதில் பலவற்றுக்கு முன்னால் கனமாக மிதிக்க வேண்டியிருக்கும், ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. இதில் இன்ஜின் பவரைக் கூட்டினால் பிரேக்குக்கு வேலையையும் சேர்த்துக் கூட்டுகிறீர்கள். உங்கள் காரில் ஏர் ஃபில்டர் மாற்றுவதால் சத்தம் கூடும், லேப் நேரத்தில், அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தில், ஒன்றும் தெரியாது.

முதலில் பிரேக் ஆயில். இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் ஓட்டாமல் நிறுத்தி வைத்த காரிலும் கெட்டுப்போகிறது. டாட் 3 தரத்துக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு தரம் கேட்பது 140 மட்டுமே. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. டாட் 5.1 என்றால் 260-ம் 180-ம். உங்கள் காருக்கு என்ன என்பது பிரேக் ஆயில் டேங்கின் மூடியிலேயே இருக்கும். டாட் 3 காரில் டாட் 4 போடலாம். ஆனால் டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது சிலிகான், இதனோடு கலக்கவே கூடாது. பேரைப் பார்த்து 5.1-ம் அதுவும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ஆயிலை முழுசாக வெளியேற்றிவிட்டு, சீல் உடைக்காத புது டப்பாவிலிருந்து ஊற்றி, நான்கு வீலிலும் பிரேக் குழாய்க்குள் இருக்கும் ஏரை எடுக்கச் சொல்லுங்கள். ஆயில் செலவு சில நூறு ரூபாய்தான். மெக்கானிக் "ஆயில் நல்லாத்தான் இருக்கு" என்பார். சாலைக்கு நல்லாத்தான் இருக்கும், டிராக்குக்கு அது போதாது.

அடுத்தது முன் பேட். சூடு தாங்கும் செமி மெட்டாலிக் பேட் உங்கள் காருக்குச் சுலபமாகக் கிடைக்கும். மாட்டியவுடன் டிராக்குக்கு ஓடாதீர்கள், பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும்: ஆளில்லாத சாலையில் 80-லிருந்து 20 வரை, முழுசாக நிறுத்தாமல், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக அழுத்தி, அப்புறம் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு. டிஸ்க்கில் பள்ளம் விழுந்திருந்தால் கடைசல் பிடிப்பதற்கு முன் அதன் தடிமனை அளந்து பாருங்கள். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவை நெருங்கிவிட்டால் புதுசுதான்.

டிராக்கில் பிரேக் போகும்போது எது போகிறது என்று காலே சொல்லிவிடும். பெடல் கல் மாதிரி நிற்கிறது, மிதிக்கிறீர்கள், கார் நிற்க மாட்டேன் என்கிறது, எரிந்த வாடையும் வருகிறது என்றால் பேட் சூடேறி வழுக்குகிறது. பெடலே மெத்தென்று தரை வரை இறங்கினால் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவி சேர்ந்துவிட்டது, ஆவி அழுத்தினால் சுருங்கிக்கொள்ளும், உங்கள் மிதி வீலுக்குப் போய்ச் சேராது. இரண்டாவதுதான் பயங்கரம். அப்போது பெடலை வேகமாகப் பம்ப் செய்து, கியரைக் குறைத்து, அந்தச் சுற்றோடு வெளியே வந்துவிடுங்கள், இன்னொரு சுற்று பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

மிச்சப் பணத்தில் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் என்று முன் வீலைத் தாங்கும் இணைப்புகளை எல்லாம் ஆட்டிப் பார்த்து, தேய்ந்திருப்பதை மாற்றி, வீல் அலைன்மென்ட் செய்துகொள்ளுங்கள். அதற்கு மேலும் இருந்தால் டயருக்கு. அல்லது இன்னொரு நாள் டிராக் கட்டணத்துக்கு, அதுதான் உங்கள் லேப் நேரத்தை உண்மையாகவே குறைக்கும்.

டயர் பட்டன் பாதி தேய்ந்துவிட்டது. புது டயர் போட்டுவிட்டுத்தான் டிராக்குக்குப் போக வேண்டுமா?
– திருப்பூர் வாசகர்

காய்ந்த டிராக்குக்குப் பாதி தேய்ந்த டயர் நல்லதே. புது டயரின் உயரமான பட்டன்கள் வளைவில் நெளியும், சீக்கிரம் சூடாகும், தோள் பக்கம் துண்டு துண்டாகப் பிய்ந்தும் போகும். ஆனால் மழை வந்தால் அதே பாதி டயர் தண்ணீரைத் தள்ளாது, அன்றைக்கு வேகத்தை மறந்துவிடுங்கள்.

தேய்மானத்தைவிட வயதைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரித்தது. ஆறேழு வருடம் ஆகி ரப்பர் இறுகிப்போன டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் பிடிமானம் இருக்காது. பக்கவாட்டில் வீக்கம், வெட்டு இருந்தால் அந்த டயரோடு டிராக் பக்கமே போக வேண்டாம்.

காற்று விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நாலு சுற்று ஓட்டியதும் டயருக்குள் அழுத்தம் ஐந்தாறு பி.எஸ்.ஐ. சாதாரணமாக ஏறும், டயர் உப்பி நடுப்பகுதி மட்டும் தரையில் பட ஆரம்பிக்கும், கார் வழுக்கும், ஓட்டுகிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். அதனால் ஒரு நல்ல கேஜ் வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே வந்தவுடன், டயர் ஆறுவதற்கு முன் நாலையும் அளந்து, ஏறியதை இறக்குங்கள். எவ்வளவு இறக்குவது என்பதற்குச் சாக்பீஸ் போதும்: பட்டன் முடிந்து பக்கவாட்டுக்குத் திரும்பும் இடத்தில் குறுக்காக மூன்று கோடு போடுங்கள், ஓட்டி வந்து பாருங்கள். பக்கவாட்டில் இருக்கும் சின்ன முக்கோணக் குறி வரை கோடு அழிந்திருந்தால் சரி. அதையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதவில்லை. குறி வரைக்கும் வரவே இல்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம். முன் வீல் இழுக்கிற கார்களில் முன் டயரின் வெளித்தோள்தான் முதலில் போகும், சாக்பீஸும் அங்கேதான் அதிகம் பேசும்.

செட்டிப்பாளையம் டிராக் எங்கள் வீட்டுக்குப் பக்கம். என்னிடம் இருப்பது 1 லிட்டர் சின்ன கார். இதை எடுத்துக்கொண்டு போனால் மற்ற கார்களுக்கு இடைஞ்சலாக இருக்குமோ என்று தயக்கம்.
– கோவை வாசகி

தாராளமாகப் போங்கள். நீங்கள் சொல்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே யார் பெயரில் இருக்கிறது தெரியுமா? எஸ். கரிவரதன். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கை ரேஸ் காரையே உருவாக்கியவர். நம் நாட்டில் ஒரு தலைமுறை ரேஸர்கள் அந்தச் சின்ன இன்ஜினில்தான் தொழில் கற்றார்கள். எடை குறைந்த காருக்குப் பிரேக்கும் டயரும் கம்மியாகத் தேயும், வளைவில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு தவறும் அடுத்த நேர்ப்பாதை முழுக்கத் தெரியும், ஏனென்றால் இழந்த வேகத்தைத் திரும்பப் பிடிக்க இன்ஜினில் பவர் இல்லை. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கார் கிடையாது.

இடைஞ்சல் என்பது காரின் அளவில் இல்லை. கண்ணாடியைப் பாருங்கள், நீலக் கொடி காட்டினால் பின்னால் வேகமான கார் வருகிறது என்று அர்த்தம், நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் லைனை (பாதையை) மாற்றாமல் நேர்ப்பாதையில் கை காட்டி விட்டுவிடுங்கள். மஞ்சள் கொடி என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது. சிவப்பு என்றால் செஷன் நிறுத்தம், மெதுவாக உள்ளே வரவும். எங்கே முந்தலாம் என்பதைக் காலையில் விளக்கக் கூட்டத்தில் சொல்வார்கள், அதைத் தவறவிட்டவரைத்தான் எல்லாரும் இடைஞ்சல் என்பார்கள்.

டிராக்கில் இடித்துவிட்டால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?
– மதுரை வாசகர்

கிடைக்காது என்று வைத்துக்கொண்டே போங்கள். நம் நாட்டு மோட்டார் பாலிசிகளில் ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பயன்படுத்தினால் காப்பீடு இல்லை என்று ஒரு வரி இருக்கும், உங்கள் பாலிசியின் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியில் தேடுங்கள். "இது ரேஸ் இல்லை, டிராக் டே, சும்மா ஓட்டிப் பார்க்கிற நாள்" என்ற வாதத்தை நம்பிக் கடனில் வாங்கிய காரை இறக்குவது நல்லதில்லை. கார் மொத்தமாகப் போனாலும் குடும்பம் தாங்கும் என்கிற விலையில் ஒரு பழைய காரை வாங்கி ஓட்டுவதுதான் என் பார்வையில் உண்மையான சிக்கனம்.

இதற்குப் பயந்து நள்ளிரவில் ஈ.சி.ஆரில் ஓட்டிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே எதிரே வருகிறவர் பால்காரராக இருக்கலாம், மருத்துவமனைக்குப் போகிறவராக இருக்கலாம், அவர்கள் யாரும் உங்கள் ஆசைக்குச் சம்மதிக்கவில்லை. அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவின்படி குற்றமும்கூட.

பைக் ஹெல்மெட் போதுமா? நாலு முனை பெல்ட் வாங்க வேண்டுமா?
– வேலூர் வாசகர்

முகம் முழுக்க மூடும் நல்ல ஹெல்மெட்டாக இருந்தால் பெரும்பாலும் ஏற்பார்கள், இருந்தாலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காருக்கென்றே வரும் ஹெல்மெட்டில் உட்புறத் துணி தீ எளிதில் பற்றாததாக இருக்கும், தொடர்ந்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் அப்போது வாங்கலாம். கீழே விழுந்து அடிபட்டது மட்டும் வேண்டாம். முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்தி பேன்ட், அடிப்பாகம் மெல்லிய ஷூ.

நாலு முனை பெல்ட்டை இப்போது தொடாதீர்கள். கம்பெனி சீட், கம்பெனி பெல்ட், ஏர்பேக் மூன்றும் ஒரே கணக்கில் சேர்ந்து வேலை செய்கின்றன. ரோல் கேஜும் (கார் உருண்டால் கூரையைத் தாங்கும் இரும்புக் கூண்டு) அதற்கான சீட்டும் கழுத்துக் காப்பும் இல்லாமல் உடம்பை மட்டும் இறுக்கிக் கட்டினால் தலை மட்டும் முன்னால் வீசப்படும், கார் உருண்டால் கூரை அமுங்கும்போது குனியவும் முடியாது.

அன்றைக்குக் காலையில் என்னென்ன பார்க்க வேண்டும்?
– திருச்சி வாசகர்

காருக்குள் கழற்ற முடிந்த எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் கிடக்கும் சாமான், டேஷ்போர்டு பிள்ளையார் வரைக்கும். டிரைவர் பக்கத்து மிதியடி முக்கியம், அதுவும் உருண்டு வரும் தண்ணீர் பாட்டிலும் பிரேக் பெடலுக்கு அடியில் போனால் மேலே சொன்ன செலவெல்லாம் வீண். இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டில் இருக்கட்டும், நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். அதற்காகக் கோட்டுக்கு மேலேயும் ஊற்றாதீர்கள். கூலன்ட் பழசாக இருந்தால் முந்தின வாரமே மாற்றிவிடுங்கள், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை உயர்த்துவது அந்த மூடிதான். வீல் நட்டுகளை மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, பெயின்ட் மார்க்கரால் நட்டிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிடுங்கள், ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் கோடு நகர்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை போதும்.

முதல் நாள் ஒரு செஷனில் ஐந்தாறு சுற்றுக்கு மேல் வேண்டாம். கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள், நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு வீலுக்கு ஒரு கட்டை வையுங்கள். பேடில் எவ்வளவு மிச்சம் என்று மதியமே பாருங்கள், மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அன்றைக்கு அதோடு போதும், அதே பிரேக்கில்தான் வீட்டுக்கும் போக வேண்டும். டயரிலிருந்து இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள், ஆறிய டயரில் அழுத்தம் நீங்கள் அளந்ததைவிட இன்னும் கீழே போயிருக்கும்.