ஜெர்பில் தண்ணீரே குடிக்கவில்லையா? முதலில் பாட்டிலைச் சோதித்துப் பாருங்கள்

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எட்டு வயது மகளுக்காக, ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு ஆண் ஜெர்பில்களை (எலி மாதிரியான சின்னப் பிராணி) போன சனிக்கிழமை வாங்கி வந்தார்களாம், ஏழு வாரக் குட்டிகள். தினமும் காலையில் தண்ணீரை மாற்றி வைத்தும் 250 மில்லி பாட்டிலில் ஒரு சொட்டுகூடக் குறைந்த மாதிரி தெரியவில்லை, இரண்டும் எந்நேரமும் அடியில் போய்ப் புதைந்துகொள்கின்றன, கையைக் கண்டால் பின்னங்காலால் தரையைப் படபடவென்று தட்டிவிட்டு ஓடிவிடுகின்றன. பயந்துபோய் இங்க் ஃபில்லரில் தண்ணீர் எடுத்து வாயில் விட்டுப் பார்த்திருக்கிறார். பாலில் நனைத்த ரொட்டி கொடுக்கலாமா என்பது கணவரின் கேள்வி.

முதலில் அந்த ஃபில்லரைக் கீழே வையுங்கள். திமிறுகிற குட்டியின் வாயில் விடும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலில் சளி கட்டிவிடும், ஐம்பது கிராம் உடம்பு அதைத் தாங்காது. பால் ரொட்டியும் வேண்டாம். வயிற்றைக் கலக்கிவிடும், வயிற்றுப்போக்கு வந்தால்தான் நிஜமாகவே உடம்பில் தண்ணீர் வற்றும்.

சரி, கணக்குக்கு வருவோம். வளர்ந்த ஜெர்பில் ஒரு நாளைக்குச் சுமாராக 3 முதல் 5 மில்லி வரைதான் குடிக்கும். உங்களுடையவை குட்டிகள், இரண்டும் சேர்ந்தே ஒரு டீஸ்பூன் குடித்தால் பெரிது. அந்த ஒரு டீஸ்பூன், ஆறு சென்டிமீட்டர் அகலமுள்ள பாட்டிலில் இரண்டு மில்லிமீட்டர்கூட இறங்காது. அதிலும் நீங்கள் தினமும் காலையில் கொட்டிவிட்டுக் கழுத்துவரை நிரப்பிவிடுகிறீர்கள், அப்புறம் எப்படிக் குறைந்தது தெரியும்? தண்ணீர் மாற்றுவது நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் குடித்ததா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சமையலறைத் தராசு இருக்கிறதல்லவா, நிரப்பியதும் பாட்டிலை நிறுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், மறுநாள் கொட்டுவதற்கு முன் திரும்ப நிறுங்கள். ஒரு கிராம் குறைந்தால் ஒரு மில்லி போயிருக்கிறது. கிராம் கணக்கில் காட்டும் சாதாரணத் தராசே போதும்.

போனது வயிற்றுக்குள்தான் போனதா என்பது அடுத்த கேள்வி. என்னிடம் “தண்ணீரே குடிக்கவில்லை” என்று வருபவர்களில் பலருக்குப் பிராணியிடம் கோளாறு இருப்பதில்லை, பாட்டிலில்தான் இருக்கிறது. பாட்டிலின் குழாய் நுனியில் ஒரு சின்ன உலோகக் குண்டு இருக்கும், அதை விரல் நுனியால் மேலே தள்ளுங்கள். விரல் நனைய வேண்டும், இரண்டு மூன்று முறை தள்ளியதும் பாட்டிலுக்குள் ஒரு காற்றுக்குமிழி மேலே ஏற வேண்டும். குமிழி வரவில்லை என்றால் குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது அல்லது குண்டு உப்புப் படிந்து சிக்கியிருக்கிறது. லண்டன் தண்ணீர் கடின நீர், கெட்டிலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவம் இங்கேயும் படியும். கொஞ்சம் வினிகரில் ஊறவைத்து நன்றாக அலசினால் விட்டுவிடும். தினமும் தண்ணீர் மாற்றியதும் இந்தக் குமிழியைப் பார்க்காமல் பாட்டிலை மாட்டாதீர்கள், பத்து விநாடி வேலை.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. கூண்டுக்குள் பரப்பியிருக்கும் காகிதத்தூளை ஜெர்பில் தோண்டித் தள்ளும், அது குழாய் நுனியில் முட்டினால் திரி எண்ணெயை இழுப்பதுபோல இழுத்து இழுத்து ஒரே இரவில் பாட்டில் காலியாகிவிடும். நீங்கள் “அடேயப்பா, நன்றாகக் குடித்திருக்கிறதே” என்று சந்தோஷப்படுவீர்கள், அடியில் வளை சொதசொதவென்று நனைந்து கிடக்கும். அதனால் குழாய் நுனிக்குக் கீழே விரல் நான்கைந்து அளவாவது இடைவெளி வேண்டும், அதே சமயம் குட்டி சிரமப்படாமல் எட்டும் உயரமும் வேண்டும். இரண்டுக்கும் வழி, ஒரு மரப் பலகையை மேடைபோல வைத்து அதன் மேல் குழாய் வருமாறு மாட்டுவது. ரேடியேட்டர் பக்கம் மாட்டவே வேண்டாம். பாதி காலியான பாட்டிலுக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து தண்ணீரைச் சொட்டச் சொட்ட வெளியே தள்ளிவிடும்.

வாங்கின கடையில் பாட்டில் வைத்திருந்தார்களா கிண்ணமா என்று ஒரு போன் செய்து கேளுங்கள். கிண்ணத்திலேயே குடித்து வளர்ந்த குட்டிக்கு அந்த இரும்புக் குழாய் என்னவென்றே தெரியாது. குழாய் நுனியில் வெள்ளரிக்காயை ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டால் மோந்து நக்க வரும், நக்கினால் தண்ணீர் வரும், அவ்வளவுதான், கற்றுக்கொண்டுவிடும். அதுவரை கனமான சின்னப் பீங்கான் கிண்ணம் ஒன்றை அந்த மேடையில் வையுங்கள். தூளை வாரிப் போட்டு மூடிவிடும், ஒரு நாளைக்கு இரண்டு முறை கழுவ வேண்டியிருக்கும், ஒரு வாரந்தானே. கட்டைவிரல் நகம் அளவு வெள்ளரித் துண்டு தினம் ஒன்று கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் கழிச்சல்.

“இது பாலைவனப் பிராணி, தண்ணீரே தேவையில்லை” என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். வீடுகளில் வளர்வது பெரும்பாலும் மங்கோலிய ஜெர்பில், மங்கோலியா, வடசீனப் பக்கத்துப் புல்வெளிகளிலும் அரைப்பாலைகளிலும் இருப்பது. 1866-ல் அர்மான் தாவீது என்ற பிரெஞ்சுப் பாதிரியார் வடசீனாவிலிருந்து பாரிஸுக்கு அனுப்பி வைத்தார், 1954-ல் ஆராய்ச்சிக்காக அமெரிக்கா போனது, அங்கிருந்து 1964-ல் பிரிட்டன் வந்தது. நம்மூர் வயல் வரப்பில் வளை தோண்டும் வெள்ளெலியும் இதே ஜெர்பில் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இதன் சிறுநீரகம் மகா கெட்டிக்காரத்தனமானது, நீரையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொண்டு சில சொட்டுதான் வெளியே விடும், அதனால்தான் கூண்டில் அவ்வளவாக நாற்றம் வராது. ஆனால் காட்டில் அது பச்சை இலையும் தண்டும் தின்கிறது. நீங்கள் போடுவது காய்ந்த தானியம். இரண்டும் ஒன்றல்ல.

புதைந்துகொள்வதைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஜெர்பில் வளை தோண்டவில்லை என்றால்தான் நான் கவலைப்படுவேன். கூண்டின் மூலையில் மணிக்கணக்காகக் கண்ணாடியைப் பிராண்டிக்கொண்டிருக்கும் ஜெர்பிலுக்குப் பெரும்பாலும் தோண்ட இடமில்லை என்று அர்த்தம். உங்கள் கூண்டில் எவ்வளவு ஆழத்துக்குத் தூள் போட்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஓர் அடியாவது வேண்டும், அதனால் கம்பிக் கூண்டைவிடக் கண்ணாடித் தொட்டி மேல், மேலே கம்பிவலை மூடி. காகிதத்தூளோடு காய்ந்த புல்லை மாற்றி மாற்றி அடுக்கினால் சுரங்கம் இடியாமல் நிற்கும். டாய்லெட் ரோல் அட்டைகளை அப்படியே உள்ளே போடுங்கள், கடித்துக் குதறிக் கூடு கட்டும். தேங்காய் உடைக்கிற வீடு என்றால் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சி ஒன்று, கடையில் பவுண்டு கொடுத்து வாங்கும் வீட்டைவிட அதற்குப் பிடிக்கும். பஞ்சு மட்டும் போடாதீர்கள், காலில் சுற்றி இறுக்கிவிடும்.

முதல் மூன்று நாலு நாள் கையே விடக்கூடாது, நீங்கள் விட்டுவிட்டீர்கள், பரவாயில்லை. கால் தட்டுவது “ஆபத்து, ஓடு” என்று கூட்டாளிக்குச் சொல்வது. இன்றிலிருந்து மூன்று நாள் சாப்பாடும் தண்ணீரும் மட்டும். அப்புறம் பாப்பா கையைத் தரையோடு தரையாக விரித்து வைத்து உள்ளங்கையில் நாலு பூசணி விதை வைத்துக்கொண்டு சும்மா உட்காரட்டும். மேலிருந்து கை இறங்கினால் அதற்குப் பருந்துதான் ஞாபகம் வரும். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோல் உரிந்து கையோடு வந்துவிடும். வளையைக் கலைத்து எடுத்துப் பார்க்கவும் வேண்டாம். கூண்டைச் சுத்தம் செய்யும்போது எல்லாவற்றையும் கொட்டிவிடாமல் பழைய தூளில் பாதியைத் திரும்பப் போடுங்கள், தன் வாடை இல்லாத வீடு அதற்குப் புது வீடு, மறுபடி முதலிலிருந்து பயம்.

இன்னொன்று, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஜெர்பில்களில் கணிசமானவற்றுக்குப் பிறவியிலேயே வலிப்பு வரும் வாகு உண்டு, இரண்டு மூன்று மாத வயதில் தொடங்கும், புது இடத்தில் விட்டாலோ கையில் எடுத்தாலோ வரும். விறைத்து நடுங்கி, ஓரிரு நிமிடத்தில் தானாகவே சரியாகிவிடும். தண்ணீர் இல்லாமல் மயங்கியதாக நினைத்து மறுபடி ஃபில்லரை எடுத்துவிடாதீர்கள். இருட்டில் சத்தமில்லாமல் விட்டுவிடுங்கள். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நிஜமாகத் தண்ணீர் வற்றினால் எப்படி இருக்கும்? கண் உள்வாங்கி, மயிர் சிலிர்த்துப் பிசுபிசுப்பாகி, புழுக்கை சின்னதாய் வறண்டு போய், கூப்பிட்டாலும் ஓடாமல் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும். தோளருகே தோலை லேசாகக் கிள்ளி விட்டால் சட்டென்று படியாமல் மெதுவாகப் படியும். இதில் எதைக் கண்டாலும், பின்பக்கம் ஈரமாகக் கழிச்சல் கண்டாலும், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், குட்டிகளுக்கு அவகாசம் சில மணி நேரந்தான். அதே மாதிரி, கசிவு இல்லாமலே பாட்டில் மளமளவென்று குறைந்தால் அதையும் காட்ட வேண்டும். வயதான ஜெர்பிலில் சிறுநீரகக் கோளாறு இப்படித்தான் முதலில் தெரியும்.

பாட்டிலை நிறுக்கும் அதே தராசில் வாரம் ஒருமுறை ஒரு டப்பாவை வைத்து இரண்டையும் தனித்தனியாக நிறுத்துவிடுங்கள், பிடிக்க வேண்டாம், டப்பாவுக்குள் விதை போட்டால் தானே ஏறும். ஏழு வாரக் குட்டியின் எடை ஏறிக்கொண்டே போக வேண்டும். எண்களைக் குறிக்கும் நோட்டைப் பாப்பாவிடமே கொடுத்துவிடுங்கள், இரண்டு வாரம் கழித்து எண்களை எனக்கு அனுப்பட்டும்.